சல்லடையில் நிற்காத ஓட்டக்காரன்

போன திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு செல்லப்பாண்டியிடமிருந்து போன்.

"மாப்ளே, எங்க இருக்க? வெரசா கடைக்கு வா!"

குரலில் அப்படி ஒரு பதற்றம். ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பு போடிமெட்டு வளைவில் கவிழ்ந்துவிட்டதோ என்று பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். அங்கே... ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு, இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா ஆச்சு?"

"அமெரிக்காவுல நம்ம பய இப்பத்தான் பேட்டத் தூக்கிட்டு எறங்குறான். சத்தம் போடாத."

இதற்கா நான் பல் துலக்காமல் வந்தேன்?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செல்லப்பாண்டி என் பால்ய நண்பன். போடியில் ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து விற்கிறவன். ஒரே மகள் கயல், அமெரிக்காவில் வேலை. போன வருஷம் வரை இருவருக்கும் நடந்த போன் பேச்சு இவ்வளவுதான்: "சாப்பிட்டியாம்மா?" "சாப்ட்டேம்ப்பா." "அங்க குளிரா?" "ஆமாப்பா." முடிந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்.

இந்த வருஷம் அவள் ஒரு காரியம் செய்தாள். அவளும் அவளுடைய ஆபீஸ் நண்பர்களும் ஆடும் ஃபேன்டஸி பேஸ்பாலில் அப்பாவையும் சேர்த்துவிட்டாள். மொத்தம் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு கற்பனை அணி. நிஜ ஆட்டத்தில் நம் ஆள் பந்தைத் தூரமாய் அடித்தாலோ, பேஸ் என்கிற கட்டம் விட்டுக் கட்டம் ஓடினாலோ, நமக்குப் புள்ளி. நம் கிரிக்கெட் ஆப் மாதிரிதான்.

அவ்வளவுதான்... தினமும் போன்! "அப்பா, அவனைத் தூக்கிட்டு இவனைப் போடுங்க." "ஏம்மா, அவனுக்கு என்ன கொறச்சல்?" அரைமணி நேரம், முக்கால் மணி நேரம். இருபத்தெட்டு வருஷத்தில் பேசாததை எல்லாம் இரண்டு மாதத்தில் பேசிவிட்டார்கள், பேஸ்பாலாக.

ஆனால் ஒரு விதி. கடைசியாக வருகிறவருக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது.

"நான் மட்டும் கடைசியா வந்தேன்னு வையி... மறுபடியும் குளிரா, மழையான்னு கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும் மாப்ளே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, அணியை எப்படித் தேர்ந்தெடுத்தான்? அங்கேதான் எங்கள் ஊர்க்காரன் புத்தி வேலை செய்தது. ஏலக்காயைச் சல்லடையில் போட்டுச் சலிப்போம். எட்டு எம்எம் சல்லடையில் மேலே நிற்கிற காய்தான் ராஜா. கீழே விழுந்தது எல்லாம் பொடிசு. இவனும் ஆட்டக்காரர்களின் உயரம், எடை இரண்டையும் பார்த்தான். ஆறேகால் அடிக்குக் கீழே இருப்பவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பாத்தியா மாப்ளே... பூராம் எட்டு எம்எம்மு!"

எட்டு எம்எம்கள் அடித்தால் பந்து குரங்கணி மலை தாண்டிப் போகும். வாஸ்தவம்தான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதானே அடிக்கிறார்கள்? ஆகஸ்ட் மாதம் ஒருவனுக்குத் தோள்பட்டை போயிற்று, ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. செல்லப்பாண்டி பத்தாவது இடத்தில்.

அன்று நானும் கடையில் இருந்தேன். கயல் ஸ்பீக்கரில்.

"அப்பா, ஒரு யுடிலிட்டி பிளேயர் இருக்கான். ஆள் குட்டைதான். ஆனா மூணு எடத்துல ஆடுவான். யாரு விழுந்தாலும் அந்த எடத்துல போட்டுக்கலாம். செம வேகம். பந்து போடுறவன் அசந்த நேரம் பாத்து அடுத்த பேஸுக்கு ஓடிருவான். அதுக்கும் புள்ளி உண்டு. பத்துப் பேர்ல யாருமே எடுக்கல, சும்மா கெடக்கான்."

"யாருமே எடுக்காத சரக்க எம் தலையில கட்டுறியாக்கும்? எந்த எடத்துலயும் நெலையா நிக்காதவன நம்பி எப்படிம்மா?"

போன் வைத்தாயிற்று. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கருப்பையா அப்படியே நின்றுவிட்டார்.

கருப்பையா கடையின் டிரைவர். அப்படித்தான் சொல்கிறார்கள். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார், லோடு கொண்டு வருவார். சல்லடை மெஷின் நின்றால் அவர்தான் ஸ்குரூ டிரைவரோடு படுப்பார். கேரள வியாபாரி வந்தால் அவர்தான் மலையாளம். கல்யாண வீட்டில் மொய் எழுதக்கூட முதலாளிக்குப் பதில் அவர்தான்.

"ஏன் மொதலாளி, அப்ப நான் எந்த எடத்துல நெலையா நிக்கேன்?"

"ஒன்னய யாருய்யா சொன்னா? நீ டிரைவரு."

"நேத்து மோட்டாரக் கழட்டி மாட்டுனது டிரைவரா?"

"அது... ஆளு இல்லேன்னு..."

"அந்தப் பயலும் ஆளு இல்லாத எடத்துலதான எறங்குறான்? எடுங்க மொதலாளி. எடுக்கலேன்னா நாளையிலருந்து நானும் டிரைவர் சோலி மட்டுந்தான் பாப்பேன்."

மிரட்டலுக்கு உடனே பலன் கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் அந்தக் குட்டையன் எங்கள் ஆள்.

எல்லாக் கடையிலும், எல்லா ஆபீசிலும், ஏன், எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் நம்மால் சொல்ல முடியாது. அவர் லீவு போட்ட அன்றைக்குத்தான் பட்டியல் நீள ஆரம்பிக்கும்!

அந்த ஓட்டக்காரன் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று ஆடினான். ஒன்று, இரண்டு என்று புள்ளி சேர்த்தான். செப்டம்பர் கடைசியில் செல்லப்பாண்டி ஒன்பதாவது இடத்தைத் தொட்டுவிட்டான். சமமான புள்ளியோடு கூடவே நிற்கிறது இன்னொரு அணி. யாருடையது?

கயலுடையது.

அப்பா அணியைப் பராமரித்த பெண், தன் அணியைக் கவனிக்கவே இல்லை!

திங்கட்கிழமை காலை எங்கள் முன்னால் ஓடியது கடைசி ஆட்டம். கயலுக்கு ஆடுவதற்கு ஆள் மிச்சமில்லை. இவனுக்கு மிச்சம் அந்தக் குட்டையன் ஒருவன்தான். அவன் எப்படியோ முதல் பேஸுக்கு வந்து நின்றுவிட்டான். இன்னொரு பேஸ் ஓடினால் ஒரு புள்ளி. அப்பா உள்ளே, மகள் வெளியே. ஓடாமல் சமமாகவே முடிந்தால், புதிதாய்ச் சேர்ந்த அப்பாதான் வெளியே.

"ஓடாதடா... நில்லுடா!" என்றான் செல்லப்பாண்டி.

"ஏய், அவன் நம்ம ஆளுடா!"

"ஓடுனான்னா எம் மக வெளிய போயிருவா மாப்ளே!"

"ஓடலேன்னா நீ வெளிய."

"ரெண்டும் ஒண்ணுதானடா. பேச்சு நின்னுரும்ல."

பின்னால் நின்ற கருப்பையாவுக்கு இந்தக் குடும்பச் சிக்கல் எல்லாம் தெரியாது. "ஓடு அப்பு! ஓடு ராசா!" என்று கத்தினார். பயல் யார் பேச்சைக் கேட்பான்? ஓடினான். மண்ணில் சறுக்கி விழுந்து, காலை நீட்டித் தொட்டான். அவுட் இல்லை என்று அம்பயர் இரண்டு கையையும் விரித்தார்.

கருப்பையா விசிலடித்தார். செல்லப்பாண்டி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"பெத்த மகளையே வெளியேத்திட்டேன்... அங்கிட்டு எட்டு வெள்ளக்காரன். இங்கிட்டு நான் ஒருத்தன். யாருட்டடா பேசுவேன்?"

கவிழ்ந்து கிடந்த போன் உதறியது. கயல்தான். எடுக்கப் பயந்து என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"அப்பா! பேப்பர், பேனா எடுங்க. அந்தத் தடியனுங்க நாலு பேரையும் மொதல்ல கழட்டி விடணும். அடுத்த வருஷம் யாரு யாருன்னு நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. எனக்குத்தான் இனி வேற வேலை இல்லையே!"

இப்போது தினமும் இரண்டு முறை போன் வருகிறதாம்.

அப்பாவின் அணியை அப்பாவிடமே விட்டுவைக்க எந்த மகளுக்கு மனசு வரும், சொல்லுங்கள்?