பெயர் சொன்னால் போதாதாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவள் நான். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம் எங்களுடையது. செத்தவர்கள் கர்த்தரிடம் போய்விட்டார்கள், அவ்வளவுதான். இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரித்தான் நானும் இந்தக் கதை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை, கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் ஹாம் ரேடியோக்காரர், அதாவது பொழுதுபோக்குக்காக வீட்டிலேயே ரேடியோ வைத்துப் பேசுகிறவர். லைசென்ஸோடு ஆளுக்கொன்றாக அரசாங்கம் கொடுக்கிற அழைப்புக்குறியைப் பெயருக்குப் பதிலாக வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களோடு தந்தி பாஷையில் பேசுவார். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு புரோகிராம் ரேடியோவைப் பிடிக்கும். இன்னொன்று அந்தக் கீச்சுச் சத்தத்தை எழுத்தாக்கித் திரையில் காட்டும், நாம் தட்டுவதைச் சத்தமாக்கி அனுப்பும். நடுவில் சத்தம் போய்வர ஒரு கம்பி, அதுவும் நிஜக் கம்பி இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற சாஃப்ட்வேர் கம்பி. அந்த இல்லாத கம்பியை இதிலிருந்து பிடுங்கி அதில் மாட்டவே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், சோறு ஆறிப்போகும், நான் கத்துவேன், காதில் ஹெட்போன். பிரேசில்காரன் கூப்பிட்டால் கேட்கும், அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் கேட்காது.

போன வருஷம் ஒரு காலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் திருப்பதி பஸ்ஸுக்கு ஓடினார், வேலை அங்கே. பஸ்ஸிலேயே மாரடைப்பு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

குடுபல்லியிலிருந்து அவர் சிநேகிதர் பாஸ்கர் வந்து மாடியிலிருந்த ஏரியல், ரேடியோப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போனார். மிச்சம் கம்ப்யூட்டர் மட்டும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, நல்ல உச்சிவெயிலில், அந்த புரோகிராம்களை அழித்துத் தொலைப்பது என்று உட்கார்ந்தேன். எழுத்து காட்டுகிற புரோகிராமை மட்டும்தான் திறந்தேன், ரேடியோவைப் பிடிக்கிறதைத் தொடவேயில்லை. நம்பினால் நம்புங்கள், திரையில் எழுத்து விழ ஆரம்பித்தது.

சிக்யூ, சிக்யூ. யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடுவது அது. கூடவே அவருடைய அழைப்புக்குறி.

பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், கோபம்தான் வந்தது. செத்தும் வந்து ஊரைக் கூப்பிடுகிறாரே, கட்டினவள் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருப்பது தெரியவில்லையா? 'நான் சுகந்தி' என்று தட்டினேன். பிறகு 'க்யூ ஆர் ஜெட்?' என்று வந்தது. நாளெல்லாம் அவர் வாயில் கேட்ட வார்த்தைதான், 'என்னைக் கூப்பிடுவது யார்?' என்று அர்த்தம். மறுபடி என் பெயரைத் தட்டினேன். மறுபடி அதே கேள்வி. போனில் படம் எடுத்துக்கொண்டு ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் பாஸ்கரை வரவழைத்துப் படத்தைக் காட்டினேன்.

"இது ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க அட்ச்சது அந்த சாஃப்ட்வேர் கம்பியோட ஒரு முனையில போயி, இன்னொரு முனையில திரும்பி வந்துக்கீது" என்றார்.

"அப்டின்னா என் பேருதான திரும்பி வரணும் பாஸ்கரு? கேள்வி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாக, "லைசென்சு இல்லாதவங்ககூட அண்ணன் ஒருநாளும் பேசமாட்டாரு அண்ணி. பேரு சொன்னா பத்தாது, கவர்மெண்டு குடுத்த அழைப்புக்குறிய சொல்லணும். அத்தத்தான் கேட்டுக்கினு கீறாரு" என்றார்.

"செத்தப்புறமுமா சட்டம்? பொண்டாட்டிக்குமா?" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

இப்போது நான் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன். சபையில் சொன்னால் வீட்டுக்கே ஜெபம் பண்ண வந்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. குறி கையில் வரட்டும். முறைப்படி கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன்.

படிக்கப் படிக்கத்தான் அந்தப் படத்தில் இன்னொன்று புரிந்தது. கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து இருக்கிறது. 'தயவுசெய்து' என்பதற்கு இவர்கள் போடுகிற சுருக்கம். முன்பின் தெரியாதவர்களிடம்தான் அவர் அதைச் சொல்வார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை.