கடைசியில் வந்தவன்

எங்கள் பழைய பைக் கிளப்பில் ஒரு வழக்கம். கடைசியில் வருகிறவர் யாரையும் முந்தக் கூடாது. ஒரு வண்டி நின்றால் அவரும் நிற்க வேண்டும். 2001இல் கொல்லிமலை ஏறியபோது அந்தப் பொறுப்பு என் நண்பன் குமாருக்கு.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் என் செயின் அறுந்தது. பின்னால் வந்த குமார் என்னைப் பார்த்தான், ஹாரன் அடித்துவிட்டு ஏறிப்போனான். உதவிக்கு ஆள் கூட்டிவரத்தான் போகிறான் என்று நம்பி மழையில் நின்றேன்.

மரவள்ளி ஏற்றப் போன காலி லாரியில் வண்டியோடு மலைமேல் இருக்கும் செம்மேடு சேர்ந்தால், ஒருவரும் இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார்: "அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களேங்க. கடைசியா வந்தவரைக் கேட்டாங்க. எம்பின்னாடி ஒருத்தரும் இல்லீங்கன்னுட்டாரு."

குமாரிடம் நான் காரணம் கேட்கவே இல்லை. எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேனோ என்ற பயம். இன்றும் கிளப்போடு போகிறேன். கடைசி வண்டி மட்டும் என்னுடையது.