ஈஸ்ட் ஜாடியும் கடன் செக்ரட்டரியும்

பேக்கரி வைக்கக் கடன் கேட்டிருக்கிறோம் என்று இளவட்டங்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நான் என்ன பெரிய படிப்பாளியா? கொடைக்கானல் பஜாரில் காலமெல்லாம் மாவு பிசைந்தவள், அவ்வளவுதான். கடன் விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான். வேண்டுமானால் அதைச் சொல்கிறேன்.

1. காலி பண்ணச் சொன்னார்கள்

வில்பட்டிப் பூண்டுக் காட்டிலிருந்து நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமனார் ஆரம்பித்த பேக்கரியை அவர் காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரும் நானும் நடத்தினோம். கட்டடத்துக்காரர் மாடியில் லாட்ஜ் போட்டார். எங்கள் அடுப்புப் புகை அவருடைய சீசன் ஆட்களுக்கு ஆகவில்லை. "சீசனுக்கு முந்திக் காலி பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் ரொட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? செங்கல் வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்குக் கூட்டுறவு பாங்கில் கடன் கேட்டோம். பாங்கு செக்ரட்டரி மலையேறி வந்து, கடையைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் பணம். அவர் எழுதாவிட்டால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. 

2. ஒளித்து வைத்தோம்

இப்போது ஈஸ்ட் பாக்கெட்டில் வருகிறது. அப்போது நாங்களே போடுவோம். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர், சர்க்கரை, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ கொஞ்சம். எல்லாம் ஒரு பெரிய ஜாடியில் ஊறும். உறைமோர் மாதிரி, பழைய ஈஸ்ட் தண்ணீரில் கொஞ்சம் விட்டுத்தான் புதுசு போடுவோம். குளிரில் அது செத்துப்போகாமல் இருக்க ஜாடிக்குக் கம்பளி சுற்றி வைப்போம். நுரைக்கும், புளித்த வாடை வரும். வினை அதில்தான் வந்தது.

மதுவிலக்கு இருந்த காலம். முந்தின வாரம்தான் பேத்துப்பாறைப் பக்கம் சாராய ஊறல் போட்ட ஒருத்தனை விலங்கு மாட்டி பஜார் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். ஊறல் வாடையும் எங்கள் ஜாடி வாடையும் அக்கா தங்கச்சி.

செக்ரட்டரி வருகிற அன்று காலையில் என் வீட்டுக்காரர் ஜாடியை மோந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, அந்தாளு கீழ்நாட்டுக்காரரு, ரொட்டி ஈஸ்ட்டெல்லாம் கண்டிருக்க மாட்டாரு. இத மோந்து பாத்து ஊறல்னு எழுதிப்புட்டா?"

"கிழங்குத் தண்ணின்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்குங்க பயப்படுறீங்க?"

"நம்பணுமே! நீ வெரசா இன்னொரு கம்பளிய எடு."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். இரண்டு கம்பளி சுற்றினார். அடுப்புக்குப் பின்னால் விறகு அடுக்கில் கொண்டுபோய் வைத்தார். நுரைத்துப் பொங்குகிற ஜாடிக்குக் கதகதப்பான இடம், காற்றுப் போக வழியில்லாத மூடி! ரொட்டிக்காரன் எவனாவது செய்வானா? வாய் கிழியப் பேசிய நானும்தான் பயத்தில் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன்.

3. டமார்

செக்ரட்டரி வந்தார். கோட்டு, மப்ளர், சிரிக்காத முகம். அடுப்பைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்து டீயை வாயில் வைத்தார். விறகுக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். ஜாடி மூடி உத்தரத்தில் மோதி விழுந்தது. செக்ரட்டரியின் கோட்டெல்லாம் டீ. விறகு இடுக்கில் நுரை வழிந்து வந்தது. கடை முழுக்கப் புளித்த வாடை.

"என்னய்யா இது? ஊறல் போட்டிருக்கியா?"

"ரொட்டிக்குங்க ஐயா... ஈஸ்ட்டுங்க..." என் வீட்டுக்காரர் தோள் துண்டால் அவர் கோட்டைத் துடைக்கப் போனார்.

"ரொட்டிக்குன்னா எதுக்குய்யா ஒளிச்சு வைக்கிறே?"

நான் முன்னால் போய் நின்றேன்.  

"ஒளிச்சது பயத்துலங்க ஐயா. களவு இல்ல. இதுலயே ரொட்டி போட்டுக் காட்டுறேன், பாத்துட்டு எழுதுங்க."

"நாளைக்குச் சாயந்திரம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வருவேன். ரொட்டி இருந்தா கடனுக்கு எழுதுறேன். இல்லேன்னா போலீசுக்கு எழுதுறேன்."

அவர் போனதும் ஜாடியைப் பார்த்தேன். விரிசல் விட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லை. பழசு இல்லாமல் புதுசு போட்டால் அந்தக் குளிரில் பொங்க நாலைந்து நாள் ஆகும். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு புள்ள. நான் உள்ள போயிருவேன். நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு."

"வாய மூடுங்க. கம்பளி நனைஞ்சு கெடக்கு, கண்ணு தெரியலையா?"

ஆளுக்கொரு முனை பிடித்துக் கம்பளியை முறுக்கிப் பிழிந்தோம். பிழிந்து வந்த ஈஸ்ட் தண்ணீரை வெதுவெதுப்பான கிழங்குத் தண்ணீரில் விட்டு, சர்க்கரையும் மாவும் கரைத்து, மெல்லிய துணி மட்டும் போட்டு அடுப்பருகே வைத்தோம்.

வெள்ளனே எழுந்து துணியை விலக்கினேன். அசைவே இல்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ்தான் என்று வாசலை எட்டிப் பார்த்தேன். பழனி ஆண்டவனுக்கு என் வீட்டுக்காரர் தலையை மொட்டைக்கு நேர்ந்துகொண்டேன். வெயில் ஏறினபோது ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே மாவு பிசைந்தேன்.

4. கறுப்பு இழை

செக்ரட்டரி வந்தபோது ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. கொஞ்சம் மட்டமாகத்தான் பொங்கியிருந்தது. பிட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு கறுப்பு இழை. இழுத்தார், நீளமாக வந்தது. 

"இது என்னம்மா?"

என் வீட்டுக்காரர் பேசாதே என்று கண்ணைக் காட்டினார். மறுபடியும் மறைப்பதா?

"கம்பளிங்க ஐயா. ஜாடி காலி. கம்பளியப் பிழிஞ்சுதான் இந்த ரொட்டி போட்டோம்."

"இதை ஏம்மா மறைக்கலே?"

"ஒரு தடவ மறைச்சதுக்கே நேத்துலேர்ந்து செத்துக்கிட்டிருக்கோம்."

இழையைத் தட்டின் ஓரமாக வைத்தார். மிச்ச ரொட்டியைத் தின்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

கடன் கேட்கப் போகிற பிள்ளைகளே, எங்கள் ஜாடியில் சாராயம் இல்லை. நாங்கள் பயந்து ஒளித்ததைப் பார்த்துத்தான் அவருக்குச் சாராயம் என்று தோன்றியது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவரிடம் கடையை இருக்கிறபடி காட்டுங்கள். எனக்குத் தெரிந்த யோசனை இவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் அடுப்புக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஜாடிக்கு இடம் குறித்தேன், நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி. அதன் மூடியை மட்டும் கடைசிவரை என் வீட்டுக்காரரைத் தொட விடவில்லை.