பக்கத்துக் கடை எதிர்க்கட்சி

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியுது."

"பரவாயில்லையே. நேத்து போட்ட அமைதி ஒப்பந்தத்துல கடைசி வரி என்னன்னு கையெழுத்துப் போட்டவங்களுக்கே தெரியலையாம். இடது கண்ணை மூடிக்குங்க."

வாடிக்கையாளரின் மூக்கில் கனத்த இரும்புச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு இரண்டாக நான்கு லென்ஸ்கள் அதில் செருகப்பட்டிருக்கின்றன. தலையை ஆட்டினால் லென்ஸ் விழுந்துவிடும். எழுந்து போகவும் முடியாது. உலகில் எந்தப் பேச்சாளருக்கும் வாய்க்காத சபை இது. எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரர் முப்பத்தோரு வருடமாக இந்தச் சபையில்தான் பேசி வருகிறார்.

பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிறவன் நான். இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. அதனால் உலகச் செய்திகளுக்காக நான் தனியாகப் பேப்பர் வாங்குவதில்லை.

தெருவில் அவருக்கு 'ஆட்சேபணை' என்று பெயர். கடைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் தலைவர், "இன்றைய முதல் தீர்மானம்" என்று தொண்டையைச் செருமியதுமே இவர் எழுந்து "ஆட்சேபணை" என்றாராம். "இன்னும் வாசிக்கவே இல்லையே" என்று தலைவர் சொல்ல, "வாசிச்சப்புறம் எல்லாரும் கை தட்டிடுவீங்க. அதான் முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாராம். அவர் இல்லாதபோது சொன்ன பெயர், இப்போது அவர் காதுபடவே வழங்குகிறது. அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒல்லியான உடம்பு. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். காலை ஒன்பது அடிக்கும்போது ஷட்டர் மேலே போகும். ஒன்பது ஒன்று என்றால் அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். மேஜை, நாற்காலி, எழுத்துப் பலகை எல்லாம் முதல் நாள் வைத்த இடத்தில் இருக்கின்றன. நடுவில் ஒருமுறை மட்டும், மகன் சொன்னான் என்று கடையைப் புதிய வணிக வளாகத்துக்குக் கொண்டுபோனார். நான்கே மாதத்தில் திரும்பி வந்தார். ஏற்றி இறக்கியதில் கண்ணாடி அலமாரி நொறுங்கியதும், பழைய வாடிக்கையாளர்கள் வளாகத்தின் நகரும் படிக்கட்டுக்குப் பயந்து வராமல் போனதும்தான் மிச்சம். அவருடைய அரசியல் கொள்கை முழுவதும் அங்கிருந்து வந்தது என்பது என் ஊகம். "வீடு மாத்தினவனுக்குத் தெரியும், மாத்தறப்ப எது எது உடையும்னு. நாட்டை மாத்தறேங்கறவனுக்குத் தெரியாது. ஏன்னா சாமான் அவனுது இல்ல" என்பார்.

காலைப் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். "விளையாட்டுல தோத்தவன் தோத்தேன்னு ஒத்துக்கறான். அதைப் படிச்சுட்டு முதல் பக்கம் போனா மனசு கொஞ்சம் தாங்கும்." முதல் பக்கம் வந்துவிட்டால் எனக்குத் தடுப்பின் இந்தப் பக்கம் வேலை ஓடாது.

எழுபது நாட்டுத் தலைவர்கள் மாநாட்டில் வரிசையாக நின்ற படம் வந்த அன்று: "உலகத்துப் பிரச்சினை தீர்ந்துச்சோ இல்லையோ, முன்வரிசைல யார் நிக்கறதுங்கற பிரச்சினை தீர்ந்திருக்கு. அதுக்கே மூணு நாள் ஆயிருக்கும்."

பூமி சூடாவதைப் பற்றிப் பேச எல்லோரும் ஆளுக்கொரு விமானத்தில் போனபோது: "ஏசி போட்ட ஹால்ல கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க பாரு. முதல்ல கோட்டைக் கழட்டுங்கப்பா. பாதிச் சூடு குறையும்."

உலக அமைப்பு ஒன்று எங்கோ நடந்த சண்டை குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தபோது: "கவலைப்படறதுக்குன்னே முப்பது மாடி கட்டி வச்சிருக்காங்க. எவ்வளவு ஆழமாக் கவலைப்பட்டாலும் லிஃப்ட் இருக்கு, மேல வந்துடலாம்."

தன் கட்சியையும் விடமாட்டார். முப்பது வருடமாக அவர் ஆதரிக்கும் பழைய கட்சி ஆட்சிக்கு வந்ததும் ஒரு துறையின் பெயரை மாற்றியது. "போர்டு எழுதறவனுக்கு வேலை கிடைச்சுது. ஃபைல் அதே மேஜைல அதே பக்கம் தலை வச்சுத் தூங்குது."

தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் சேர்த்து, நடுவில் கோடு தெரியாத லென்ஸ் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ப்ரோக்ரெசிவ். கேட்பவர்களுக்கு அருமையாகச் செய்து கொடுப்பார், தான் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். "பேர்லயே முற்போக்கு. எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னு கோடே இருக்காது. படி இறங்கறப்பதான் தெரியும்." அவர் மூக்கில் இருப்பது பழைய இரட்டைக் கண்ணாடி. நடுக்கோடு பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.

இந்த மனிதரின் மனைவி எங்கள் வட்டாரத்துச் சின்ன மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முழுக்க அவருக்கு 'சிஸ்டர்'. அப்படிக் கூப்பிட முடியாதவர் ஊரிலேயே இவர் ஒருவர்தான், 'இந்தாம்மா' என்பார். ஓய்வுக்குப் பிறகு கடையின் உள்ளறையில் லென்ஸ் கழுவிக் கொடுக்கும் அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். கணவர் உலகத்தைக் கிழித்துத் தொங்கவிடும்போது, கை வேலையை நிறுத்தாமல் "ம்" என்பார். அந்த 'ம்'மில் ஆமோதிப்பு இருக்கிறதா, அலுப்பு இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சென்ற வருடம் அந்த மருத்துவமனையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மூன்று மைல் தள்ளி, எட்டு வட்டாரத்துக்கும் சேர்த்து 'ஒருங்கிணைந்த நலவாழ்வு மையம்' வரப்போகிறதாம். அறிவித்தது இவருடைய பழைய கட்சிதான். அன்று முதல் பக்கம் வந்த பிறகும் தடுப்புக்கு அப்பால் நிசப்தமாக இருந்ததால் நானே எட்டிப் பார்த்தேன்.

"என்னண்ணே, ஒண்ணும் இல்லையா இன்னைக்கு?"

"பிரசவ வலி வந்தா மூணு மைல் போகணுமாம் தம்பி. பஸ்ஸும் பிரசவ வார்டும் போற வழிலயே ஒருங்கிணைஞ்சுடும்."

சொன்னாரே தவிர, சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேர் கையில் ஃபைலோடு கடைக்கு வந்தார்கள். எதிர்த்தரப்பான மாற்றக் கட்சிக்காரர்கள். இவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "யாருக்குக் கண்ணு?" என்றார்.

"கண்ணுக்கு இல்லீங்க. சிஸ்டரைப் பாக்கணும். நகர சபைத் தேர்தல்ல நிக்கச் சொல்லிக் கேக்கலாம்னு."

"எந்தக் கட்சில?"

சொன்னார்கள். எல்லாவற்றையும் மாற்றுவோம் என்பதையே சின்னத்துக்குக் கீழே எழுதி வைத்திருக்கும் கட்சி. இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு அம்மாள் வந்துவிட்டார். கை ஈரத்தைத் துடைத்தபடி, "நிக்கறேன்" என்றார். "ஆனா அந்த ஆஸ்பத்திரியைத் தவிர வேற எதைப் பத்தியும் பேச மாட்டேன்."

அவர்கள் போன பிறகு இவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தணும் மாத்தணும்ங்கற கட்சில நின்னு, எதையும் மாத்தாதீங்கன்னு ஓட்டுக் கேக்கப்போற ஒரே ஆள் நீதான்."

"உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்ல" என்றார் அந்த அம்மாள்.

கடைச் சுவரிலேயே அம்மாளின் சுவரொட்டி ஒட்டப்பட்டது. சிரிக்கச் சொல்லி எடுத்த படம். ஊசி போடும் முன் நோயாளியைப் பார்ப்பது போல் இருந்தது. "இதைப் பாத்தா ஓட்டுப் போட மாட்டாங்க, சட்டைக் கையை மடிச்சு விடுவாங்க" என்று இவர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் சுவரொட்டியின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியபோது, பிரேம் ஒட்டும் பசையை எடுத்துக்கொண்டு வெளியே போனதையும் பார்த்தேன்.

துண்டுப் பிரசுரம் என் கடையில்தான் அடித்தோம். கட்சி ஆபீஸிலிருந்து வந்த வாசகத்தை அம்மாள் கொண்டுவந்து கொடுத்தார். தாள் முழுக்கப் பென்சில் கோடுகள். 'புதிய விடியலுக்கு வாக்களியுங்கள்' என்ற வரியை அடித்துவிட்டு ஓரத்தில், 'விடியலுக்கு ஓட்டு வேண்டாம். அது தானாக வரும்' என்று எழுதியிருந்தது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' அடிபட்டிருந்தது. 'புரட்சிகரமான' இரண்டு முறை அடிபட்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது நான்கே வரி: மருத்துவமனை இங்கே இருக்கிறது. நான் இருபத்தெட்டு வருடம் அதில் வேலை செய்தேன். நடந்து போகும் தூரத்தில் அது இருக்க வேண்டும். அதற்காக நிற்கிறேன்.

"கையெழுத்து யாருதும்மா?" என்றேன், தெரியாதவன் போல.

"ம்" என்றார் அம்மாள்.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு பழைய கட்சியின் வட்டாரச் செயலாளர் வந்தார். கண் பரிசோதனை என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். இரும்புச் சட்டம் மூக்கில் ஏறியதும் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க நம்ம ஆளு. ஊருக்கே தெரியும். வீட்டம்மாவுக்கு அரசியல் ஒண்ணும் தெரியாது, யாரோ தூண்டி விட்டுட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேப்பர்ல வர்ற மாதிரி நான் பாத்துக்கறேன். வீட்டுல நீங்க பண்ற கிண்டல்தானே, அதையே கொஞ்சம் வெளில பண்ணுங்க."

இவர் ஒரு லென்ஸை எடுத்துத் துணியால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"என் சம்சாரத்தைக் கிண்டல் பண்றதுக்கு எனக்கு முப்பத்தாறு வருஷ லைசென்ஸ் இருக்கு சார். அதை யாருக்கும் வாடகைக்கு விடறதில்ல. கட்சி சொன்னா நான் கேப்பேன். ஆனா பழசைக் காப்பாத்துவோம்னு சொல்லித்தானே கட்சியே ஆரம்பிச்சீங்க? அந்த ஆஸ்பத்திரியை விடப் பழசு இந்தத் தெருவுல என்ன இருக்கு, சொல்லுங்க. கடைசி வரி தெரியுதா?"

"தெரியலை" என்றார் செயலாளர்.

"தெரியாது. பவர் ஏறியிருக்கு."

நியாயமான மனிதர். அடுத்த புதன்கிழமையே செயலாளருக்கு நல்ல கண்ணாடி செய்து கொடுத்தார்.

வாக்களித்துவிட்டுத் திரும்பியவரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று தெருவே கேட்டது. "ரகசிய ஓட்டுங்கறது பழைய ஏற்பாடு. அதுல எனக்கு நம்பிக்கை உண்டு" என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கினார்.

அம்மாள் பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீட்டு வாசலில் கூட்டம். கட்டிப்பிடிப்பவர்களும் அழுபவர்களுமாக ஒரே இரைச்சல். எல்லோரும் ஓய்ந்ததும் இவர் முன்னால் வந்து, மனைவியிடம் மிகவும் முறையாகச் சொன்னார்:

"இந்தாம்மா, நேத்து வரைக்கும் நீ நல்ல மனுஷி. இன்னைலேருந்து அரசாங்கம். எங்கிட்ட இரக்கம் எதிர்பார்க்காதே."

சொன்னபடியே நடந்தார். மறுநாளே, தெருமுனை விளக்கு எரியவில்லை என்று புகார் எழுதி என்னிடம் மூன்று பிரதி எடுத்தார். ஒன்று நகராட்சிக்கு, ஒன்று தனக்கு, ஒன்று உறுப்பினரின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைக்க. உறுப்பினர் அதைப் படித்து, 'பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. "நாலு நாள்" என்றார் என்னிடம், உதட்டைப் பிதுக்கி. ஆனால் அன்று மாலை, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மேலே பார்க்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையை மூடக்கூடாது என்ற அம்மாளின் தீர்மானம் நகர சபைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. "சும்மா, கூத்து எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோம் தம்பி" என்று என்னையும் அழைத்துக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்குப் போனார். வேலை நாளில் அவர் கடை மூடியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாடத்தில் மர பெஞ்சுகள். கீழே நாற்பத்தோரு உறுப்பினர்கள். அவர்களில் பாதிப் பேர் தலை குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிரார்த்தனை நடக்குது போல" என்றார் இவர்.

அம்மாள் எழுந்தார். ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. பின்வரிசையில் யாரோ, "ஊசி போட்டுடாதீங்கம்மா" என்றான், சிரிப்பு எழுந்தது. அம்மாள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார், ஜுரக்காரன் புலம்பி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல. பிறகு நான்கு நிமிடம் பேசினார். எந்த மாதம் எத்தனை பிரசவம், இரவு பஸ் எப்போது நிற்கிறது, மூன்று மைல் நடக்க நிறைமாதக்காரிக்கு எவ்வளவு நேரம் ஆகும். விடியல் இல்லை, வரலாறு இல்லை. ஊசி என்று கிண்டல் செய்தவன் தலை கவிழ்ந்தான். நான் பக்கத்தில் திரும்பி ஏதோ சொன்னேன். இவர் காதில் விழவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். மாற்றக் கட்சியின் கைகள் எழுந்தன. கொஞ்சம் தாமதித்து, பழைய கட்சியின் வரிசையிலிருந்தும் ஒன்று, பிறகு இரண்டு. எண்ணிய குமாஸ்தா நடுவில் கணக்குத் தப்பி, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது; மருத்துவமனை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது மாடத்துச் சேவகர் எங்கள் பெஞ்சை நோக்கி வருவதைப் பார்த்தேன். ஏன் என்று திரும்பினேன். கண்ணாடிக் கடைக்காரரின் வலது கை தலைக்கு மேலே நேராக நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, மேல இருக்கறவங்களுக்கு ஓட்டு இல்ல" என்றார் சேவகர், மெதுவாக.

"தெரியும்" என்றார் இவர். கண்ணைக் கீழேயிருந்து எடுக்கவில்லை. கை வலித்திருக்க வேண்டும். இடது கையைக் கொடுத்து முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.