காகித அம்மா

மனைவிக்கு நாளை அறுவை சிகிச்சை. பயமா, எனக்கா? அவளுக்காகச் செய்த வாழ்த்து அட்டையில், பக்கத்தில் நீட்டியிருக்கும் காகிதப் பட்டையை இழுக்காமலே, என் கைநடுக்கத்திலேயே பட்டாம்பூச்சி சிறகடித்தது. பின்னட்டையை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாசனையில் சின்ன வயதின் ரெட்டியார்பாளையம் வீடு வந்துவிட்டது.

அன்று அம்மா ஆஸ்பத்திரியில். மில்லுக்குப் போகாமல் அப்பா ஓர் அட்டை செய்தார். பட்டையை இழுத்தால் காகித அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். நான் பட்டையை உள்ளே தள்ளினேன்.

"அய்யோ, மறுபடியும் படுத்துக்குச்சிப்பா!"

அப்பா அவளை எழுப்பி, பட்டை முழுக்கப் பசை தடவி, வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.

வீடு திரும்பிய அம்மா இழுத்துப் பார்த்தாள். "என்னங்க, அசையவே மாட்டேங்குது?"

"அசைய வேணாம்."

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, முடிஞ்சிதா?"

"இரு, காயட்டும்" என்றேன். பசையை இன்னும் தொடவேயில்லை.