எல்ஸ்பெத்தைக் காணப் பொன்முடிக்கு

2003 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பொன்முடிக்குப் போனேன். மலை பார்க்க அல்ல. எல்ஸ்பெத் அங்கே தங்கியிருப்பதாகக் கோவளத்தில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் மைத்துனன் போன் செய்திருந்தான்.

எல்ஸ்பெத் ஸ்காட்லாந்துப் பாடகி. இங்கிலாந்துக்காரி என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. துறைமுகத்தில் மீனைப் பெட்டியில் அடுக்கும் வேலையிலிருந்து பாட வந்தவர். பதினெட்டு வயதில் முதல் பாட்டே பெரிய வெற்றி. மூன்று ஆல்பங்களுக்குப் பிறகு கம்பெனி கைவிட்டுவிட்டது. பழவங்காடியில் என் கேசட் பதிவுக் கடையில் பன்னிரண்டு வருடம் அவர் பாட்டுகளைப் பதிந்து கொடுத்தேன். பழைய பத்திரிகைகளை அகராதி வைத்துப் படித்து, அவர் வாழ்க்கையை ஒவ்வொரு கேசட் அட்டையிலும் என் கையால் ஆங்கிலத்திலேயே எழுதினேன். நான் ஐந்தாம் வகுப்புதான். அதனால் "அண்ணாச்சி சும்மா அடிச்சு விடுதாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அட்டையில் இருப்பது சரி என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

தம்பானூரில் காலை 5.30க்குப் பேருந்து. மலையடிவாரத்து விதுராவுக்கு இரண்டு மணி நேரம், 18 ரூபாய். அங்கிருந்து பொன்முடிக்குப் போகும் வண்டி அப்போதுதான் போயிருந்தது. ஜீப்புக்கு 350 கேட்டார் ஓட்டுநர் சுகு, 300க்கு வந்தார். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். மேலே நல்ல குளிர்.

விருந்தினர் விடுதிப் புல்வெளியில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார், ஐம்பதைத் தாண்டிய எல்ஸ்பெத். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லிக் கேசட்டைக் கொடுத்தேன். அட்டையை வாசித்தவர், "மீன் பெட்டியைக்கூட விடவில்லையே!" என்று சிரித்தார். சுகுவின் ஜீப்பில் போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே முணுமுணுத்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்.

"இது நான் இல்லை."

"நீங்கள்தான்" என்றேன். விடவில்லை, மூன்று முறை சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி, பாடினது இந்த மதாம்மயா, நீங்களா?" என்றார் சுகு. "அவங்க தொண்டை அவங்களுக்குத் தெரியாதாக்கும்!"

அறுபது நிமிடக் கேசட்டில் கடைசி நாலு நிமிடம் காலியாக இருந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கப்பலில் வேலை செய்த ஒருவர் தந்த பெயர் எழுதாத கேசட்டிலிருந்து அதை எடுத்து நிரப்பியிருந்தேன், எல்ஸ்பெத்தின் குரல் என்று நம்பி. கடைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும் அந்தப் பாட்டைத்தான்.

"ஜேனட்" என்றார் அவர். "எனக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள். தனியாக ஒரே ஓர் இசைத்தட்டு போட்டாள். யாரும் வாங்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். உங்கள் ஊரில் இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?"

"ஆயிரம் பேராவது இருக்கும்."

அவர் கேசட்டை வெளியே எடுத்து உறைக்குள் போட்டார். பிறகு, "இந்தக் கேசட்டை அவளுக்குக் கொண்டுபோகட்டுமா?" என்றார். கொடுத்தேன். அட்டையில் மற்றதெல்லாம் சரி என்றும் அவரே சொன்னார். சிரித்தவர்கள் கவனிக்கவும்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

என்னிடம் கேசட் வாங்கியவர்களுக்கு: இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு எல்ஸ்பெத் பாடியதல்ல. தப்பு என்னுடையது. பாட்டை அழிக்க வேண்டாம். அட்டையில் ஜேனட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.