எங்கள் வரிசையில் நின்றுபோன அலை

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கிரிக்கெட் என்றால் மாமாதான் எல்லாம். அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு எங்களோடு இருந்தார். வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்காத மனிதர், டிவிக்கு முன்னால் இருந்தால் கப்டன் ஆகிவிடுவார். பந்து போடுகிறவனுக்கும் புத்தி சொல்வார், நடுவருக்கும் புத்தி சொல்வார். இருவரும் கேட்டதில்லை. தோற்ற பிறகு, "நான் அப்பவே சொன்னனான்" என்பார்.

நாட்டில் சண்டை முடிந்திருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. மருந்துக்கடை முதலாளி கொடுத்த இரண்டு டிக்கெட்டுகளோடு மாமா என்னைக் கெத்தாராம கிரிக்கெட் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே தமிழில் மெதுவாகத்தான் கதைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சண்டை முடிந்தும் அந்தச் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை. அம்மா அன்றும் அதை நினைவூட்டித்தான் அனுப்பினார். நானோ மாடி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் டிவியில் என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது வெயில் விழும் மூலை. பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கிவிட, முன் வரிசையில் நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். பக்கத்தில் பப்பரே கோஷ்டி ட்ரம்பெட்டும் மேளமுமாக பைலா வாசித்துக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடினார்கள். பின்னால் இருந்த ஒரு பெரிய வயிற்றுக்காரர் என் கன்னத்தில் வர்ணத்தால் நாட்டுக் கொடியைக் கீறிவிட்டு, ஒரு கடலைச் சுருளும் தந்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள் என்றே தோன்றியது.

பிறகு அலை தொடங்கியது. ஒரு பகுதியினர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழும்பி உட்கார, அடுத்த பகுதி எழும்ப, ஓவென்ற சத்தத்தோடு அது மைதானத்தைச் சுற்றி ஓடி வரும். எங்களிடம் வந்ததும் நான் துள்ளி எழும்பினேன். மாமா எழும்பவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முன் வரிசையைப் பார்த்துத்தானே பின்னால் இருப்பவர்கள் எழும்புவார்கள்? அலை எங்களிடத்தில் படுத்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே கதை. மைதானமே எங்கள் மூலையைப் பார்த்து ஊளையிட்டது.

"அய்யே, நெகிட்டின்னகோ!" என்று வயிற்றுக்காரர் சிங்களத்தில் எழும்பச் சொன்னார். மாமா சிரித்தார், ஆனால் அசையவில்லை. எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

மூன்றாவது அலை எதிர்ப்பக்கத்தில் புறப்பட்டபோது, நான் கதிரையில் ஏறி நின்று, வீட்டுச் சட்டத்தை மறந்து அடித்தொண்டையால் கத்தினேன்.

"மாமா, எழும்புங்கோ! கையைத் தூக்குங்கோ!"

மாமா திடுக்கிட்டு, என்னைப் பார்க்காமல் பின்னால் பார்த்தார். அப்போதுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அத்தனை பேருக்கு நடுவில், தமிழில்! வயிற்றுக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தானும் "மாமா!" என்று கத்தினார். சிங்களத்திலும் மாமா மாமாதான். பின்னால் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "மா-மா! மா-மா!" பப்பரேக்காரர்கள் பைலாவை விட்டுவிட்டு அதற்கு மேளம் அடித்தார்கள். எங்கள் மூலை முழுவதும் என் மாமாவைக் கூப்பிட்டது.

அலை வந்தது. மாமா மெல்ல எழும்பினார். கைகள் முதலில் தோளளவுக்குத்தான் வந்தன. பிறகு முழுதாக உயர்ந்தன. பின்னால் எல்லோரும் எழும்ப, அலை எங்களைக் கடந்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் மாமா கைகளை இறக்கவில்லை. முகம் நனைந்திருந்தது. வயிற்றுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். வென்றோமா தோற்றோமா என்று இன்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. பெருமையில் என் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, எல்லாரும் மாமாவைக் கூப்பிட்டவை! மாமா ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றவர்!"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "கையைத் தூக்கினவனோ? அவ்வளவு சனத்துக்கு நடுவிலயோ?"

"ஓம். நான்தான் தூக்கச் சொன்னனான்."

அம்மா மாமாவைப் பார்த்தார். "ஓம் அக்கா" என்றார் மாமா. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மினார். வீட்டுச் சட்டத்தை மீறியதற்கு அடி விழும் என்று பயந்தவளுக்கு முத்தம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் மாமாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, இரண்டு கைகளையும் தூக்க வைத்து, சனங்கள் பார்த்திருக்க நடுரோட்டில் நிறுத்தி, அப்படியே கொண்டுபோனதையும், அவர் வீடு திரும்ப இரண்டு வருடம் ஆனதையும் எனக்கு அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை. அது தெரியாமல், "மாமா, இன்னொருக்கா அம்மாவுக்குத் தூக்கிக் காட்டுங்கோ" என்றேன். மாமா எங்கள் சின்ன ஹோலின் நடுவில் வந்து நின்று, சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினார்.